அம்பாள் சிவனின் பாதியா, எல்லாவற்றுக்கும் முதலா?

பாலைநிலம் எழுதியது:

சக்தி வழிபாட்டைப் பற்றி எங்கே பேச்சு எடுத்தாலும் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வந்து விழுகின்றன. "அவள் சிவனில் பாதி" என்பது ஒன்று. "ஆண் அறிவு, பெண் ஆற்றல், இரண்டும் சேர்ந்தால்தான் உலகம்" என்பது இன்னொன்று. கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் நூல்களும் கோயில்களும் அவளைப் பற்றிச் சொல்வது இதைவிட மிகப் பெரியது. அதைப் பேசத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

மாமல்லபுரத்தில் மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துக்குப் போனவர்கள் கொஞ்சம் நினைவுபடுத்திப் பாருங்கள். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் குடைவரை. நடுக் கருவறையின் பின்சுவரில் சோமாஸ்கந்தர்: சிவனும் உமையும் குழந்தை முருகனும். ஒரு பக்கச் சுவரில் சிங்கத்தின் மேல் எட்டுக் கைகளோடு வில் வளைக்கும் துர்க்கை. எதிர்ச் சுவரில் பாம்பணையில் துயிலும் திருமால், கால்மாட்டில் கதையோடு மது, கைடபர்.

துர்க்கைச் சிற்பத்தில் மகிஷன் இன்னும் சாகவில்லை. எருமைத் தலையும் மனித உடலுமாக, கதையைப் பிடித்தபடி பின்னால் சாய்ந்து நிற்கிறான். அவன் படை ஏற்கெனவே சரிந்துவிட்டது. அவள் முகத்திலோ கோபத்தின் சாயலே இல்லை. பின்னாளில் நாம் அதிகம் பார்க்கிற, அசுரனின் மார்பில் சூலம் இறங்கிய வடிவம் அல்ல இது. முடிவு தெரிந்தவளின் நிதானம்.

வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சுவரைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எதிர்ச் சுவரில் இருப்பதும் அவள் கதைதான். தேவியின் போர்களைச் சொல்லும் வடமொழி நூலான தேவி மாஹாத்மியத்தின் முதல் சரிதம் அது. திருமாலின் கண்ணில் யோகநித்திரையாகத் தங்கியிருப்பவள் அவள். அவள் விலகினால்தான் அவர் விழிக்க முடியும், விழித்தால்தான் மதுகைடபரோடு போரிட முடியும். அதனால்தான் பிரம்மா அங்கே அந்த உறக்கத்தையே துதிக்கிறார்.

ஆக ஒரே குகைக்குள் மனைவியாக, போர்க்களத் தலைவியாக, இறைவனையே ஆட்கொண்ட துயிலாக மூன்று நிலைகளில் இருக்கிறாள். இதில் "பாதி" எங்கே இருக்கிறது?

மகிஷன் கதையில் தேவர்களின் ஒளியெல்லாம் திரண்டு அவள் வடிவெடுத்தாள் என்று வருகிறது. அதை வைத்து, ஆண் தெய்வங்களின் கூட்டுத்தொகைதான் அவள் என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்கள் அதே நூலின் பத்தாம் அத்தியாயம் வரை வர வேண்டும். மற்றவர் பலத்தில் நின்று போரிடுகிறாய் என்று சும்பன் என்ற அசுரன் ஏளனம் செய்கிறான். "ஏகைவாஹம் ஜகத்யத்ர, த்விதீயா கா மமாபரா" என்கிறாள். இந்த உலகில் நான் ஒருத்திதான், என்னையன்றி இரண்டாமவள் யார்? அவளோடு நின்று போரிட்ட பிரம்மாணி முதலான அத்தனை மாதர்களும் அவள் உடலுக்குள் ஒடுங்குகிறார்கள். அவள் தனியாக நிற்கிறாள்.

---

சித்தாந்த மாணவன் எழுதியது:

அம்மா, நல்ல தொடக்கம். ஆனால் ஒரு மறுப்பு.

சக்தியைத் தனி முதலாக நிறுத்துவது சாக்தரின் கொள்கை. அதைத் தமிழ்ச் சைவத்தின் தலையில் ஏற்றக் கூடாது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் தெளிவாகச் சொல்கிறது:

"அருளது சத்தி யாகும் அரன்தனக்கு அருளை யின்றித்
தெருள்சிவம் இல்லை அந்தச் சிவமின்றிச் சத்தி இல்லை"

சிவனுடைய அருள்தான் சக்தி. கதிரவனையும் கதிரையும் பிரிக்க முடியாததுபோல் குணியும் குணமுமாக, அதாவது பண்புடையவனும் பண்புமாக இருப்பவர்கள். இங்கே முந்தியவர் பிந்தியவர், பெரியவர் சிறியவர் என்ற கேள்விக்கே இடமில்லை. சும்பனுக்குச் சொன்ன மறுமொழி அந்தப் போர்க்களத்துக்கு உரியது. அதை மெய்ப்பொருள் முடிபாக எடுத்துக்கொண்டால், சிவனை எங்கே வைப்பீர்கள்?

---

புதுவாசகன் எழுதியது:

குறுக்கே புகுவதற்கு மன்னிக்கவும். இதெல்லாம் புருஷன், பிரகிருதி என்று சாங்கியம் சொல்வதுதானே? ஆண் சும்மா பார்க்கிறான், பெண் இயங்குகிறாள். வேறு வேறு பெயரில் ஒரே விஷயம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

---

பாலைநிலம் எழுதியது:

தம்பி, நல்ல இடத்தில் கேட்டீர்கள். இந்தக் குழப்பத்திலிருந்துதான் மேலே சொன்ன "ஆண் அறிவு, பெண் ஆற்றல்" வாக்கியமே பிறக்கிறது.

சாங்கியத்தின் பிரகிருதிக்கு அறிவு கிடையாது, அது சடம். கன்றுக்காகப் பால் தானறியாமல் சுரப்பதுபோல் பிரகிருதி புருஷனுக்காக இயங்குகிறது என்று சாங்கிய காரிகை உவமை சொல்கிறது. புருஷன் பலர், ஒவ்வோர் உயிருக்கும் ஒருவர். கடைசியில் விடுதலை என்பது பிரகிருதியை விட்டு விலகுவது.

சாக்தத்தில் ஒவ்வொன்றும் தலைகீழ். அவள் சித்சக்தி, அறிவே வடிவானவள். சிவன் அசையாமல் இருக்கிறான் என்பதை சாக்தமும் சொல்லும், ஆனால் எப்படிச் சொல்கிறது பாருங்கள். சௌந்தர்யலஹரியின் முதல் சுலோகமே அதுதான்: சக்தியோடு சேர்ந்திருந்தால்தான் சிவன் படைக்க வல்லவன், இல்லையேல் துடிக்கவும் மாட்டான். லலிதா சஹஸ்ரநாமம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பிரம்மா, விஷ்ணு, ருத்திரன், ஈசுவரன் நால்வரும் அவள் கட்டிலின் கால்கள், சதாசிவன் மேற்பலகை. அவளுக்குப் "பஞ்சப்ரேதாஸனாஸீனா" என்று பெயர். ஐந்து பிணங்களாலான ஆசனத்தில் அமர்ந்தவள் என்று பொருள், அவள் இன்றி அந்த ஐவரும் உயிரற்றவர். சிவனின் மடியில் அமர்ந்தவள் என்று சொன்ன அதே மூச்சில் "ஸ்வாதீனவல்லபா", கணவனைத் தன் வசத்தில் வைத்திருப்பவள் என்றும் சொல்கிறது.

அவளை வழிபடும் வரைவான ஸ்ரீசக்கரத்திலும் அப்படித்தான். மேல்நோக்கிய முக்கோணங்கள் நான்கு, அவை சிவனுடையவை. கீழ்நோக்கியவை ஐந்து, அவை சக்தியுடையவை. ஒன்பதும் வெட்டிக்கொள்ளும்போது 43 சிறு முக்கோணங்கள் உண்டாகின்றன. அந்தக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடம் மயிரிழை தவறினாலும் முழு வரைவும் கலைந்துவிடும். கையால் வரைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இதில் எது ஆண், எது பெண் என்று தனியே பிரித்து எடுக்கவே முடியாது.

சித்தாந்த மாணவன் ஐயாவுக்கு: சிவனை எங்கே வைப்பது என்று கேட்டீர்கள். நான் எங்கும் தள்ளி வைக்கவில்லை. திருக்கடையூர் அபிராமி பட்டர் அபிராமி அந்தாதியில் சொன்னதை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

"பூத்தவளே புவனம் பதினான்கையும், பூத்தவண்ணம்
காத்தவளே, பின் கரந்தவளே, கறைக்கண்டனுக்கு
மூத்தவளே, என்றும் மூவா முகுந்தற்கு இளையவளே,
மாத்தவளே, உன்னை அன்றி மற்றோர் தெய்வம் வந்திப்பதே."

பூத்தல், காத்தல், கரத்தல் என்ற முத்தொழிலும் அவளுடையதாகிவிட்டன. "கறைக்கண்டனுக்கு மூத்தவளே" என்கிறார். 44ஆம் பாட்டில், சங்கரனாரின் மனைமங்கலம் இவள், இவளே அவருக்கு அன்னையும் ஆனாள் என்கிறார். இதை எந்தத் தட்டில் வைப்பீர்கள்?

---

கரிசல்மண் எழுதியது:

எல்லோரும் பெரிய நூல்களைப் பேசுகிறீர்கள். எனக்கு ஒரு கேள்வி மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் வீட்டில் நவராத்திரிக்குக் கொலு வைப்போம். பொம்மைகளைப் பரணிலிருந்து இறக்கி, பழைய வேட்டித் துணியால் துடைத்து, படியில் அடுக்குவது என் வேலை. மகிஷன் தலைமேல் நிற்கும் துர்க்கை பொம்மையின் கைவிரல் உடைந்திருந்ததைப் பசை போட்டு ஒட்டியதும் நான்தான். ஒரு வருடம் சரஸ்வதி பூஜை அன்று எனக்குத் தூரமாகிவிட்டது. படிக்கட்டுப் பக்கமே வரக் கூடாது என்று பின்கட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். என் புத்தகங்கள் பூஜையில் இருந்தன. நான் இல்லை.

அவள் எல்லாவற்றுக்கும் முதல் என்றால், அவள் உடம்புபோல் உடம்பு வாங்கி வந்த எனக்கு ஏன் இந்த விலக்கு? இந்தத் தத்துவத்தால் எங்களுக்கு ஆனது என்ன?

---

சித்தாந்த மாணவன் எழுதியது:

சகோதரி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் தத்துவம் வேறு, ஆசாரம் வேறு. இரண்டையும் கலக்க வேண்டாம் என்பதே என் பணிவான கருத்து.

---

கரகம் எழுதியது:

ஐயா, கலக்காமல் எப்படி? கலந்துதானே இருக்கிறது.

அஸ்ஸாமில் காமாக்யாவுக்கு ஜூன் மாதம் அம்புபாசி வருகிறது. தேவிக்கே மாதவிலக்கு என்று மூன்று நாள் கோயில் நடை சாத்தப்படும். நான்காம் நாள் திறக்கும்போது கூட்டம் அலைமோதும், சிவந்த துணிதான் பிரசாதம். அந்தக் கருவறையில் சிலையே கிடையாது. யோனி வடிவப் பாறையும் அதை நனைக்கும் ஊற்றும்தான். நமக்குப் பக்கத்தில் கேரளத்துச் செங்கன்னூர் பகவதிக்கும் "திருப்பூத்து" என்று இதே வழக்கம் உண்டு, முடிந்ததும் ஆற்றில் நீராட்டு விழா.

அம்மனுக்கு வந்தால் திருவிழா, வீட்டுப் பெண்ணுக்கு வந்தால் பின்கட்டு. கரிசல்மண் கேட்பது நியாயமான கேள்வி. ஆசாரம் என்று சொல்லி அதைத் தள்ளிவிட முடியாது.

இன்னொன்றும் சொல்கிறேன். நான் மாரியம்மன் கோயில் வாசலில் வளர்ந்தவன், அந்தாதியும் லஹரியும் பின்னால்தான் தெரியும். சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கினால் 28 நாள் பச்சைப் பட்டினி விரதம். பக்தர்களுக்காக அம்மனே இருக்கும் விரதம் அது. அந்த நாள்களில் சமைத்த நிவேதனம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு அம்மை போட்டால் வீட்டில் தாளிப்பை நிறுத்திவிட்டு வயிற்றைக் கட்டிக்கொண்டு உட்காரும் தாயின் காரியத்தைத்தான் அவளும் செய்கிறாள். சிவனுக்கு முன்னவளா பின்னவளா என்று அந்த வாசலில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. அவளுக்குக் கணவன் இருக்கிறானா என்றுகூட யாரும் யோசிப்பதில்லை.

---

அடியேன் எழுதியது:

வைணவர் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எங்களுக்குள் இதே கேள்வி நூற்றாண்டுக் கணக்கில் நடந்துகொண்டிருக்கிறது. பிராட்டி பெருமாளுக்கு நிகராக எங்கும் நிறைந்தவள், அவளும் உபாயம், அதாவது வீடுபேற்றுக்கு வழி என்பார்கள் வடகலையார். தென்கலையார் அவளைப் புருஷகாரமாக, நமக்காகப் பெருமாளிடம் பேசுபவளாகக் கொள்வார்கள்.

புருஷகாரம் என்றால் ஏதோ சிறிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். தென்கலை ஆசாரியரான பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணம் என்ற நூலில், இதிகாச சிரேஷ்டமான ஸ்ரீராமாயணத்தால் "சிறையிருந்தவள் ஏற்றம் சொல்லுகிறது" என்கிறார். ராமாயணமே சீதையின் பெருமையைச் சொல்ல எழுந்தது என்பது அவர் முடிபு. இலங்கையில் தன்னை வதைத்த அரக்கியரை அனுமன் கொல்ல அனுமதி கேட்டபோது, தவறு செய்யாதவர் யார் என்று தடுத்தவள் அவள். எங்களுக்கு அவள் வலிமை அந்த இடத்தில்தான் தெரிகிறது. அவள் ஆயுதம் எடுக்க வேண்டியதே இல்லை.

---

பாலைநிலம் எழுதியது:

அடியேன் ஐயா, அருமை. போர்க்கோலத்தில் மட்டுமே சக்தியைத் தேடும் பழக்கம் எனக்கும் உண்டு. அசோகவனத்துச் சீதையை இந்த இழையில் கொண்டுவந்து நிறுத்தியதற்கு நன்றி.

கரிசல்மண், உன் கேள்வியை நான் ஒதுக்க மாட்டேன், தங்கச்சி. தத்துவத்தால் ஆனது என்ன என்று கேட்டாய். சிலப்பதிகாரத்தில் ஓர் இடத்தைக் காட்டுகிறேன்.

வேட்டுவ வரி. மதுரைக்குப் போகிற வழியில், பாலைநிலத்து வேட்டுவரான எயினர் ஊரில், கொற்றவையின் கோயிலான ஐயை கோட்டத்தில் கோவலனும் கண்ணகியும் களைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். தெய்வம் ஏறிய சாலினி ஆடி வந்து கண்ணகியைப் பார்த்து, "இவளோ கொங்கச் செல்வி, குடமலை யாட்டி, தென்தமிழ்ப் பாவை, செய்தவக் கொழுந்து" என்கிறாள். கண்ணகி என்ன செய்கிறாள்? இந்த மூதறிவாட்டி ஏதோ மயங்கிப் பேசுகிறாள் என்று கணவனின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கி நின்று, இளமுறுவல் பூக்கிறாள். தன்னையே அறியாத நிலை அது.

அதே காண்டத்தில், அதே பெண் ஒற்றைச் சிலம்போடு பாண்டியன் வாசலில் நிற்கிறாள். வாயிற்காவலன் நடுங்கிப்போய் அரசனிடம் ஓடுகிறான். வந்திருப்பவள் எருமைத் தலைமேல் ஏறிய கொற்றவை அல்லள், கானகம் உகந்த காளி அல்லள், தாருகன் மார்பைக் கிழித்தவளும் அல்லள் என்று ஒவ்வொரு தெய்வமாகச் சொல்லி மறுக்கிறான். அவள் தோற்றத்தைச் சொல்ல அவனுக்குத் தெய்வங்களின் பெயரைத் தவிர வேறு வழியில்லை. கணவனின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கியவளுக்கு யாரும் வெளியிலிருந்து வலிமை கொடுக்கவில்லை. சாலினி கண்டது அப்போதே அவளுக்குள் இருந்தது.

இன்னொன்று, அந்த வேட்டுவர் கொற்றவையை எப்படிப் பாடுகிறார்கள்?

"ஆனைத்தோல் போர்த்துப் புலியின் உரிஉடுத்துக்
கானத்து எருமைக் கருந்தலைமேல் நின்றாயால்
வானோர் வணங்க மறைமேல் மறையாகி
ஞானக் கொழுந்தாய் நடுக்கின்றியே நிற்பாய்"

முதல் இரண்டு அடியில் ரத்தமும் தோலும் காடும். அடுத்த இரண்டு அடியில் மறைக்கும் மேலான மறை, ஞானக்கொழுந்து. கிராமத்து அம்மன் வேறு, தத்துவத்துப் பராசக்தி வேறு என்று பிரிக்கிறவர்கள் இந்த நான்கு அடியைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். கரகம் சொன்ன வாசலும் லஹரி சொன்ன பராசக்தியும் தமிழில் ஒரே பாட்டுக்குள் இருக்கின்றன.

ஆகவே ஆசாரம் வேறு என்று நான் விடமாட்டேன். உன்னைப் பின்கட்டில் உட்கார வைத்தவர்கள் அன்று கொலுவில் இருந்தவளைத்தான் விலக்கினார்கள். தேவி மாஹாத்மியத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் தேவர்கள் துதிக்கும்போது எல்லா உயிரிலும் அவள் எப்படி எப்படி இருக்கிறாள் என்று அடுக்குகிறார்கள்: அறிவாக, உறக்கமாக, பசியாக, நிழலாக, தாகமாக, பொறுமையாக, நாணமாக, நினைவாக, தாயாக. கடைசியில் ப்ராந்தியாகவும், அதாவது தடுமாற்றமாகவும். தடுமாற்றத்தையும் விட்டுவைக்காமல் வணங்கிய துதி அது. உடம்பின் இயல்பு ஒன்று அவளுக்கு ஆகாது என்று சொல்ல அதன்பின் யாருக்கு உரிமை?

---

சித்தாந்த மாணவன் எழுதியது:

ஆசாரம் பற்றி நான் சொன்னது சுருக்கமாகிவிட்டது. விலக்கை நியாயப்படுத்துவது என் நோக்கமல்ல.

உங்கள் பக்கத்துக்கே வலு சேர்க்கும் கதை ஒன்று சைவத்தில் இருக்கிறது: பிருங்கி முனிவர். சிவனை மட்டுமே வலம்வருவேன், அம்மையை வலம்வர மாட்டேன் என்று பிடிவாதம். இருவரும் நெருங்கி அமர்ந்தபோது வண்டாக மாறி நடுவில் துளைத்துப் போனார். சக்தி வேண்டாம் என்கிறாயே, உடம்பில் என் கூறான சதையையும் ரத்தத்தையும் கொடு என்று அம்மை எடுத்துக்கொண்டாள். எலும்புக்கூடாக நிற்க முடியாமல் தள்ளாடியவருக்கு இறைவன் மூன்றாம் கால் கொடுத்தார். பாதாமி முதல் குகையில் அர்த்தநாரீசுவரர் பக்கத்தில் அந்த எலும்பு உருவத்தை இன்றும் பார்க்கலாம். அவளை விட்டுவிட்டு அவனைப் பிடிக்க நினைத்தால் நிற்கவும் முடியாது என்பதே சைவத்தின் முடிபும்.

---

கரிசல்மண் எழுதியது:

அக்கா, கண்ணகி ஒடுங்கி நின்றதைப் பள்ளியில் படித்திருக்கிறேன். இப்படி யாரும் காட்டியதில்லை. படித்துவிட்டு அழுதேன்.

ஆனால் பாட்டு மட்டும் போதாது என்றுதான் இன்னமும் சொல்வேன். நடைமுறையிலும் மாற வேண்டும். மேல்மருவத்தூரில் பெண்களே கருவறைக்குள் போய் அபிஷேகம் செய்கிறார்கள், மாதவிலக்கு அங்கே தடையில்லை. 2023இல் ஸ்ரீரங்கத்து அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் மூன்று பெண்கள் பயிற்சி முடித்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று முழுக்க எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. ஆனால் எத்தனை அம்மன் சன்னதியில் ஒரு பெண் தீபாராதனை காட்டுகிறாள்? அவளுக்குப் புடவை சாத்துவதும் ஆண்கள்தான்.

இந்த வருடம் கொலு என் வீட்டில். எந்த நாளும் யாருக்கும் விலக்கு இல்லை என்று மாமியாரிடம் சொல்லிவிட்டேன். முதலில் பேசவில்லை. பிறகு, "நீயே பூஜை பண்ணு, நான் பக்கத்தில் உட்கார்ந்துக்கிறேன்" என்றார்.

---

கரகம் எழுதியது:

உங்கள் மாமியாருக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

---

சித்தாந்த மாணவன் எழுதியது:

"கறைக்கண்டனுக்கு மூத்தவளே" என்பதை எந்தத் தட்டில் வைப்பீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். யோசித்துவிட்டு எழுதுகிறேன். சித்தியாரிலேயே விடை இருக்கிறது.

"சிவம்சத்தி தன்னை ஈன்றும் சத்திதான் சிவத்தை ஈன்றும்
உவந்திரு வரும்பு ணர்ந்திங் குலகுயிர் எல்லாம் ஈன்றும்
பவன்பிரம சாரி யாகும் பால்மொழி கன்னி யாகும்
தவந்தரு ஞானத் தோர்க்கித் தன்மைதான் தெரியும் அன்றே"

சிவம் சத்தியை ஈனும், சத்தி சிவத்தை ஈனும். இருவரும் கூடி உலகை ஈன்ற பின்னும் அவன் பிரமசாரி, அவள் கன்னி. பட்டர் சொன்ன அன்னையும் மனைவியும் எங்கள் நூலுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆனால் பட்டர் ஒரு பக்கத்தை மட்டும் பாடினார், சித்தியார் இரண்டு பக்கத்தையும் சொல்கிறது. இதில் நான் அசைய மாட்டேன்.

---

பாலைநிலம் எழுதியது:

அசைய வேண்டாம் ஐயா. நான் கேட்டதற்கு இதைவிடச் சரியான பாட்டு இல்லை. சத்தி சிவத்தை ஈனும் என்று சைவ சாத்திரமே சொல்லும்போது, அவளைப் பாதி என்று நிறுத்துகிறவர்கள் பாட்டின் முதல் அடியையே பாதியில் நிறுத்துகிறார்கள். நீங்கள் சிவத்திலிருந்து தொடங்கி அவளிடம் வாருங்கள், நான் அவளிடமிருந்து தொடங்குகிறேன்.

கரிசல்மண், நவராத்திரிக்கு அந்த ஐந்தாம் அத்தியாயத் துதியை தினமும் படி. பொருள் தெரிந்து படி. மாமியாரையும் சேர்த்துக்கொள். முடிந்ததும் வேட்டுவ வரியின் அந்த நான்கு அடியை உரக்கப் பாடுங்கள். அவற்றையும் அவள் கேட்டு மகிழ்வாள்.